மாதேசன் ஏன் அவர்களோடு போனார்

சாமி, போன மாதம் உன் பெரியப்பா வீட்டு விருந்தில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக இதை எழுதுகிறேன். போர்வெல் ரிக் வேலைக்கு ஆப்பிரிக்கா போகப்போகிறேன் என்று நீ சொன்னதும் உன் அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து உள்ளே போய்விட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் நீ பேசினாய், அது எனக்குத் தெரியும். "எங்கப்பா போகலீங்களா? துப்பாக்கிக்காரனுங்க புடிச்சுட்டுப் போயும் உசுரோட வந்தாருல்ல. கூட இருந்த ஹெல்ப்பர்தான் என்னமோ ஆசப்பட்டு அவனுங்களோடயே போயிட்டான், செத்தும் போயிட்டான். புத்தியோட இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்றாய். பெரியப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில் நின்றபோதுதான் தோன்றியது, பதினாறு வருடமாக நான் இதே மாதிரிதான் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன் என்று. அந்தப் பேச்சை நீ இட்டுக்கட்டவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாய். ஊர் அப்படிச் சொல்வதற்கு நான்தான் காரணம்.

அந்த ஹெல்ப்பரின் பெயர் மாதேசன். ஜலகண்டாபுரத்துக்காரர். நெசவுக் குடும்பம். தறிக்கூலி கட்டுப்படியாகாமல் முப்பத்து நான்கு வயதில் ரிக்குக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு அக்கா, அம்மா, அக்காவின் மகள், இவ்வளவுதான் அவருடைய குடும்பம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் துளை போடும் டிரில்லர், அவர் இரும்பு ராடு தூக்கி மாட்டுகிற ஆள் என்பதால் நான் அவரை மாதேசா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். முதலில் என்னைத் தம்பி என்றார். மேனேஜர் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு 'டிரில்லருங்க' என்பார். நம் பக்கத்தில் இரண்டு வருடம், ஆப்பிரிக்காவில் இரண்டு வருடம், ஆக நான்கு வருடம் என்னோடு இருந்தார். துளை போடும்போது மேலே வரும் மண்தூளை நான் கையில் அள்ளிப் பார்த்து, இது என்ன பாறை, இன்னும் எத்தனை அடி போகலாம் என்று வாய்விட்டுச் சொல்வேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை அவரும் குனிந்து தூளை அள்ளிப் பார்த்தார். "உனக்கெதுக்கு இதெல்லாம், ராடப் புடி" என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அது. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழாய்க்கிணறு போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ரிக் வண்டி போய்விட்டது. பின்னால் சாமான் ஏற்றிய லாரியில் நானும் மாதேசனும் அந்த ஊர் டிரைவரும் இருந்தோம். மோட்டார் சைக்கிள்களில் பத்துப் பதினைந்து பேர் வந்து மறித்தார்கள். லாரியைக் கொளுத்தினார்கள். எங்கள் செருப்புகளைப் பிடுங்கிக்கொண்டு நடக்கவிட்டார்கள். நம் வேலிக்காத்தான் முள்ளை விட நீளமான முள் அந்தக் காட்டில். நான்கு நாள் நடந்தோம். டிரைவருக்குப் பிடிபட்டபோதே காலில் அடி. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்திரு என்றார்கள், அவரால் முடியவில்லை. சுட்டுவிட்டார்கள். கோபமாகக்கூட இல்லை, நடை தாமதமாகிறது என்பதுபோல் செய்தார்கள். நடக்க முடியாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு நானும் மாதேசனும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பின்னால் வரும் பேச்சுக்கு இது முக்கியம்.

அவர்களுடைய முகாம் என்பது முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்த ஒரு பட்டி. உள்ளே முப்பது பேருக்கு மேல் இருந்தோம். லாரிக்காரர்கள், சந்தை வியாபாரிகள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். மூசா என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கு அரைகுறையாகத் தெரியும், மாதேசனும் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அவர் மூலம்தான் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. காலையும் மாலையும் தலை எண்ணுவார்கள். பகல் முழுக்க ஒரு வறண்ட கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. கடப்பாரையும் கூடையும்தான். எங்கே எவ்வளவு தோண்டலாம் என்று நான் சொல்வேன், மற்றவர்கள் தோண்டுவார்கள், மாதேசன் மேலே நின்று மண்கூடை இழுப்பார். சாப்பாடு கம்பங்கூழ், மணல் கலந்தது. முதல்நாள் அதை வாயில் வைத்த மாதேசன், "இது நம்மூரு கம்பேதானுங்க, அரிக்காம போட்டிருக்கானுங்க" என்றார். நான் தொடவில்லை. சாப்பிடாவிட்டால் நடக்க முடியாது என்று சொல்லி அவர்தான் என்னைச் சாப்பிட வைத்தார்.

ஐந்தாம் மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, கூடவே வயிற்றுப்போக்கு. பத்து நாளில் எழுந்து உட்காரக்கூட ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. மாதேசன் கிணற்று வேலை முடிந்து வந்து என் துணியை மாற்றுவார், துவைக்கத் தண்ணீர் இல்லாததால் அதில் மண்ணைப் போட்டு உதறுவார், கூழைக் கரைத்து ஊற்றுவார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். உன்னை நான் கூப்பிடுவதுபோல. நான் மறுப்புச் சொல்கிற நிலையில் இல்லை.

ஒருநாள் காலை வேறொரு முகாமிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் கிணறு வற்றிவிட்டதாம். இங்கே தண்ணீர் பார்க்கத் தெரிந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கூட்டிப்போக வந்திருந்தார்கள். எங்கள் பட்டியில் காவலுக்கு இருந்தவர்கள் அந்த வாரம்தான் புதிதாக மாறி வந்தவர்கள். அவர்களுக்கு என்னையும் மாதேசனையும் பிரித்துத் தெரியாது. வந்தவர்களின் தலைவன் எங்கள் முன்னால் நின்று ஏதோ கேட்டான். மூசா அதைச் சொன்னார்: உங்கள் இருவரில் டிரில்லர் யார், அவன் எட்டு நாள் நடக்க வேண்டும். மாதேசன் என் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நாந்தான் டிரில்லர்" என்றார். டிரில்லர் என்ற சொல் மட்டும் அவர்களுக்குப் புரிந்தது. தலைவன் என்னைக் காலால் காட்டி, இவன் யார் என்றான். "ஹெல்ப்பர்" என்றார் மாதேசன். மூசாவுக்கு உண்மை தெரியும். அவர் கண் இமைக்காமல் அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

தலைவன் சந்தேகப்பட்டான். தண்ணீர் இருக்கிறது என்று எப்படித் தெரியும், சொல் என்றான். மாதேசன் முள்வேலியை ஒட்டியிருந்த கிணற்றடிக்குப் போய் மேலே கொட்டியிருந்த மண்ணில் ஒரு கை அள்ளி, விரலால் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்த்தார். மேல்மண் எத்தனை அடி, அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், அது முடிகிற இடத்தில் மண் நிறம் மாறும், ஈரம் அங்கேதான் வரும் என்று தமிழும் தெரிந்த ஆங்கிலமும் கலந்து சொன்னார், மூசா அதை அவர்கள் மொழியில் சொன்னார். எல்லாம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். நான் இழுத்து இழுத்துப் பேசும் அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. தலைவன் சரி என்றான். மூசாவையும் மொழிக்காகக் கூட்டிக்கொண்டான்.

கிளம்ப ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. மாதேசன் தன் துண்டை எனக்குப் போர்த்துகிற சாக்கில் குனிந்தார். "உனக்கு வேல தெரியாது மாதேசா, கண்டுபுடிச்சா கொன்னுருவானுங்க" என்றேன். "தெரியுமுங்க. நாலு வருசமா நீங்க பேசறதத்தான கேட்டுட்டு இருக்கறேன்" என்றார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளை அழுத்திப் படுக்க வைத்தார். "பேசாம படுங்க சாமி. நீங்க ரெண்டாம் நாள் உக்காந்துருவீங்க. டிரைவரப் பாத்தோமில்ல. எனக்கு நடக்க வருமுங்க." பிறகு, "ஊருக்குப் போனா அக்காவ ஒரு எட்டுப் பாருங்க. போயிட்டு வாரேன்" என்றார். முள்கதவைத் திறந்து போனார்கள். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். எனக்கு அப்போது நினைவு தெளிவாக இருந்தது. குரலும் இருந்தது. "இல்லை, டிரில்லர் நான்" என்று சொல்ல மூன்று சொல் போதும். சொல்லவில்லை. உன்னையும் உன் அம்மாவையும் நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். அந்த நேரத்தில் நீங்கள் யாரும் என் நினைவில் இல்லை. நடக்க வேண்டாம் என்ற நிம்மதி ஒன்றுதான் இருந்தது. மாதேசன் செய்ததற்கு நான் பொறுப்பில்லை, அது அவருடைய முடிவு. நான் வாய் திறந்திருந்தால் இரண்டு பேரும் செத்திருப்போம், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. பயந்து சும்மா இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் ராணுவம் வந்தது. காவலுக்கு இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். என்னை ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிய மறுநாளே நம் நாட்டு அதிகாரி ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். மாதேசனை இழுத்துப் போனார்களா என்று கேட்டார். "இல்லீங்க, அவனே போனான்" என்றேன். உண்மைதான். ஏன் போனான் என்று அவர் கேட்டபோது, "தெரியலீங்க" என்றேன். அங்கேதான் தப்பு நடந்தது. ஏன் என்று சொன்னால் நான் சும்மா இருந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி காகிதத்தில் ஏறி, எங்கெங்கோ போய், கடைசியில் ஜலகண்டாபுரத்துக்கு விசாரணையாக வந்தது. உங்கள் தம்பி யார் யாரோடு பழகினார், ஏன் தானாகப் போனார் என்று அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். தெருவில் பேச்சு கிளம்ப அது போதாதா?

நான் வீடு வந்து ஏழு மாதம் கழித்து மூசா விடுதலையாகி, கம்பெனி மூலம் நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டார். மாதேசன் அந்த எட்டு நாளும் நடந்திருக்கிறார். போன இடத்தில் முதல் கிணற்றிலேயே தண்ணீர் கண்டுவிட்டார். அதனால் அவரை நம்பினார்கள். இரண்டாவது கிணறு மணல்பாங்கான இடம். ஓரம் சரிகிறது, மரம் கொடுத்துத் தாங்காமல் உள்ளே ஆள் இறங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை, கைதிகளில் ஒருவனை இறக்கச் சொன்னார்கள். அந்த ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டு மாதேசனே இறங்கியிருக்கிறார். சரிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மூசா அழவில்லை. நீ அவருடைய வீட்டாருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். மூசா சொன்னதை வைத்துக் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன தகவல் ஒரே வரிதான், கிணறு தோண்டும்போது மண் சரிந்து இறந்தார் என்று. பிடித்துவைத்திருந்தவர்களுக்கு ஏன் கிணறு தோண்டினான் என்று ஊர் கேட்டது. அவனுங்களோட சேர்ந்துவிட்டான் என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது.

அந்த நாட்களில் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். வாசல் குழாயைத் திறந்துவிட்டு நீ கோலிக்குண்டு கழுவிக்கொண்டிருந்தாய் என்பதற்காக உன்னை அடித்தேன். உதடு கிழிந்துவிட்டது. தண்ணீரை வீணாக்கினாய் என்று காரணம் சொன்னேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்று காலையில்தான் மூசா போன் செய்திருந்தார்.

வருடம் ஒருமுறை தீபாவளிக்கு முன்னால் ஜலகண்டாபுரம் போய்வருவேன், நானும் வரட்டுமா என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் வேண்டாம் என்றேன், ஞாபகம் இருக்கிறதா? அக்காவின் பெயர் பாக்கியம். போகும்போதெல்லாம் நாற்காலி போட்டுக் காபி கொடுப்பார். கடைசிவரைக்கும் தம்பியோடு இருந்தவர் என்று என்மேல் மரியாதை. பலகாரப் பையைக் கொடுத்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வருடம் அவர், "எம்பொண்ணுக்கு வந்த எடம் தட்டிப்போச்சுங்க, மாமன் இப்பிடியாமேன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு பள்ளிபாளையத்தில் நல்ல இடம் அமைந்தது. அது அமைந்ததால் நான் சொல்லாமல் இருந்தது சரியாகிவிடாது.

விருந்து முடிந்த மறு செவ்வாய் உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். "இன்னும் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க" என்றாள். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லிலும் சேலத்திலும் மாறி, பதினோரு மணிக்கு ஜலகண்டாபுரத்தில் இறங்கினேன். பாக்கியம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து தறிக்கான பாவு நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடியதால் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. இதுவரை உனக்கு எழுதியதை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலே, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் கை நூலிலேயே இருந்தது. கிணற்றில் இறங்கியதைச் சொன்னதும் நின்றது.

"அவனேவா எறங்குனான்?"

"ஆமாங்க்கா."

"அவனுக்குக் கெணறுன்னாவே ஆகாதுங்க. சின்னதுல ஒருக்கா உளுந்துட்டான். அதுக்கப்பறம் எட்டிப் பாக்கக்கூட மாட்டான்."

எனக்கு அது தெரியாது. நான்கு வருடம் கூட இருந்தும் நான் கேட்டதில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்கம்மா அவன் செத்து ரெண்டு வருசம் உசுரோட இருந்துச்சு. எம்மவன் அப்பிடிப் பண்ணுவானான்னு என்னையக் கேட்டுட்டே இருந்துச்சு. எனக்குப் பதில் தெரியல. நீங்க வருசா வருசம் இதே ஊட்ல உக்காந்து காபி குடிச்சீங்க. எங்கம்மா கட்டல்ல படுத்துட்டு உங்களையே பாத்துட்டு இருந்துச்சு" என்றார். மன்னிச்சிருங்க என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நீ யாரிடமாவது மன்னிப்புக் கேட்டால் அது கிடைத்தே ஆக வேண்டும் என்று நினைக்காதே. அவர்கள் கொடுக்காமல் இருக்கலாம்.

நான் எழுந்தேன். "எங்க போறீங்க?" என்றார். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. தெருவுல எல்லாரும்தான பேசுனாங்க." பக்கத்து வீட்டுக்குப் போய்த் தறியை நிறுத்தச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். பாக்கியம் அக்கா ஓரமாக நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்றார். நான் வாசலில் நின்று இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். "உள்ள சொன்னத விட்டுட்டீங்க" என்றார் அவர். திரும்பிப் போய் அதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், மாதேசனைப் பற்றி அப்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினவராம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு பாக்கியம் அக்கா, "இத எழுதிக் குடுங்க. நாளைக்கு எம் பேரம்பேத்தி கேட்டா காட்டோணும்" என்றார். அதனால்தான் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே ஒரு படி எடுத்து அவருக்கும் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் பேர் கெடும் என்று பார்த்தால், அது பதினாறு வருடத்துக்கு முன்பே கெட்டிருக்க வேண்டியது.

நீ போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போ. வேலை நல்ல வேலை, அந்த ஊர் மக்களும் நல்லவர்கள், மூசாவைப் போன்றவர்கள்தான் அங்கே அதிகம். ஆனால் புத்தியோடு இருந்ததால் உன் அப்பன் பிழைத்தான் என்று இனி எங்கேயும் சொல்லாதே. நான் புத்தியாக ஒன்றும் செய்யவில்லை. படுத்துக் கிடந்தேன். எனக்குப் பதிலாக இன்னொரு மனிதர் எழுந்து நின்றார். அதனால் நான் இருக்கிறேன், அதனால் உன்னை டிப்ளமா வரைக்கும் படிக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நீ சேலத்திலிருந்து வருவதாக அம்மா சொன்னாள். வந்ததும் முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போ. அன்று பந்தியில் இருந்தவர்கள் யார் யார் என்று உனக்கே நினைவிருக்கும். ஒவ்வொருவரிடமும் போய், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு என்று சொல். நீங்களும் கூட வருவீங்களா என்று கேட்காதே, வருவேன். வாசலில் நிற்கிறேன். நீ பேசி முடித்ததும் மிச்சத்தை நான் சொல்கிறேன்.